கன்னியம்மாவின் கடைசிப் பக்கம்

என் படக்காரனுக்கு,

இன்று காலை உன் உழைப்பைப் பேரீச்சம்பழத்துக்குப் போடப் பார்த்தார்கள். நல்லவேளை, நான் வீட்டில் இருந்தேன்.

பழைய ஈயம் பித்தளை வாங்குகிறவன் எங்கள் மயிலாப்பூர்த் தெருவில் கூவிக்கொண்டு வந்தான். ஓட்டை அண்டாவையும் காது போன வாணலியையும் எடுத்துக்கொண்டு போன என் மனைவி, பரண்மேல் துணி சுற்றிக் கிடந்த ஒரு பலகையையும் சேர்த்துத் தூக்கிப் போயிருக்கிறாள். நான் பாதி முகத்தில் சோப்பு நுரையோடு ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். பலகைமேல் ஆணியடித்திருந்த துத்தநாகத் தகட்டை, உன் படத்தை அச்சடித்த அந்த பிளாக்கை, அவன் நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தான். மீதிப் பாதி முகத்தை மறந்துவிட்டு ஓடினேன்.

“ஓரத்துல ரம்பம் பட்டுகீது சாமி. ஒரு விரக்கடை அறுந்துகீது. இதுக்குப் போயி இன்னா பழம் குடுக்கறது?” என்றான்.

“நீ ஒரு வண்டிப் பழம் கொண்டுவந்து கொட்டினாலும் தரமாட்டேன். கொண்டா இப்படி!”

“எலி குடித்தனம் பண்ணிண்டிருந்த பலகை. அதுக்குப் போய் ஏன் இப்படிப் பறக்கறேள்?” என்றாள் என் மனைவி. அவளுக்குப் பதில் சொல்ல ஆரம்பித்தால் அவளுடைய சமையல் கெட்டுவிடும்.

கூடத்தில் உட்கார்ந்து, மண்ணெண்ணெய் தொட்ட துணியால் தகட்டைத் துடைத்தேன். பழைய மை கரைந்து கட்டைவிரலில் ஒட்டியது. அந்த வாசனை மூக்கில் ஏறியதும் ராயப்பேட்டையில் நம் பத்திரிகை இருந்த மாடியறை அப்படியே வந்துவிட்டது. கீழே அச்சு இயந்திரம் ஓடும்போதெல்லாம் ஆடுமே அந்த மேஜை, அதற்கு எதிர்ப்பக்கம் நீ. காதில் ஒரு பென்சில், கையில் ஒரு தூரிகை, மூஞ்சியில் என்னைக் கேலி செய்யப் போகிற களை. நீ போய் ஒரு வருஷம் ஆகிறது. இந்த ஒரு வருஷத்தில் என்னை யாரும் சரியாகக் கேலி செய்யவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

நீ வந்து சேர்ந்த நாளில் நான் உன்னை மதிக்கவில்லை. இப்போது சொல்லிவிடுவதில் என்ன? கடைப் பலகைகளுக்கும் பீடிக் கட்டின் மேலே ஒட்டும் லேபிள்களுக்கும் படம் போட்டவன் நீ. நானோ சந்தி பிசகாமல் எழுதுகிறவன் என்று லஸ் முனை வரை பெயரெடுத்தவன். ஆசிரியர் நம் இருவரையும் எதிரெதிரே உட்கார வைத்து, “வாராவாரம் ஒரு பக்கம் படக்கதை. ஆறு கட்டம். இவர் வரைவார், ஒவ்வொரு கட்டத்துக்கும் கீழே நீர் எழுதும். பன்னிரண்டு வாரம் பார்ப்போம்” என்றார். யுத்த காலம். காகிதத்துக்கு அலைந்து கொண்டிருந்தோம். அதில் ஒரு முழுப் பக்கத்தைப் படத்துக்குக் கொடுக்கிறாரே என்று எனக்கு வயிறு எரிந்தது.

யாரைப் பற்றிய கதை என்பதை முடிவு செய்தவன் நீதான். உங்கள் தெருவுக்கு நொச்சிக்குப்பத்திலிருந்து மீன் கூடை சுமந்து வரும் பாக்கியம்மா. கணவன் கடலுக்குப் போய்த் திரும்பி வராத மறுநாளே கூடையைத் தூக்கியவள். முதல் நாள் தெருவில் நின்று ‘மீனே’ என்று கூவ வாயைத் திறந்திருக்கிறாள். சத்தம் வரவில்லை. விற்காத கூடையோடு திரும்பிப் போய் மணலில் உட்கார்ந்துவிட்டாள். இப்போது அவள் குரல் மணிக்கூண்டு வரை கேட்கும். வாயடைத்து நின்றவள் எப்படி அந்தக் குரலுக்கு வந்து சேர்ந்தாள் என்பதுதான் நீ வரைய நினைத்த கதை. அவளிடம் உத்தரவும் வாங்கியிருந்தாய். “போடு நைனா. பாத்தா மனுசியாத் தெரியணும், அவ்ளோதான்” என்றாளாம். படத்தில் அவளுக்குக் கன்னியம்மா என்று பெயர் வைத்தாய்.

அந்தப் பெயரைத் தவிர மற்றதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. முன்னாலேயே தெரிந்துகொண்டிருக்கலாம். அதைச் சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது.

முதல் பக்கத்தை நீ ஒரு வெள்ளிக்கிழமை காலை கொண்டுவந்தாய். “தொழுகைக்குப் போய்ட்டு வந்து கதையச் சொல்றேன் ஐயரே. அதுக்குள்ள எழுதிடாத” என்று சொல்லிவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டு போனாய். எனக்கா காத்திருக்கத் தெரியும்! ஆறு படத்தைப் பார்த்துக் கதை கட்ட எனக்கு ஓர் ஆள் துணையா? மேல்வரிசையில் மூன்று, கீழ்வரிசையில் மூன்று. இடக்கோடியில் ஆரம்பித்தேன். கூடையோடு தெருவில் நடக்கிறாள். ‘வெயில் ஏறிய பிறகு ஆடி அசைந்து வியாபாரத்துக்குக் கிளம்பினாள் கன்னியம்மா’ என்று எழுதினேன். அடுத்து, தரையிலிருந்த கூடையைத் தூக்குகிறாள். ‘பத்தடிக்கு ஒரு தரம் இறக்கி வைத்து இளைப்பாறினாள்.’ அடுத்து, கரையில் நின்று ஒரு படகைப் பார்க்கிறாள். ‘வேடிக்கை பார்ப்பதென்றால் அவளுக்கு வெல்லம்!’ கீழ்வரிசையில், நிறைந்த கூடையோடு மணலில் உட்கார்ந்திருக்கிறாள். ‘உட்கார்ந்தபடியே குறட்டை.’ பின்னால் ஒரு நாய் வருகிறது. ‘வந்தார் மாப்பிள்ளை!’ கடைசியில் வாயைத் திறந்து நிற்கிறாள். ‘ஐயோ, நாய்! நாய்!’

நான் எழுதியதைப் படித்து நானே சிரித்தேன். நீ திரும்பி வருவதற்குள் அது அச்சுக் கோக்கும் கம்பாசிட்டர் கைக்குப் போய்விட்டது. ‘எழுதியாச்சு, நன்னா வந்திருக்கு’ என்று மட்டும் உன்னிடம் சொன்னேன். நீயும் நம்பினாய்.

இதழ் வெளிவந்தது. ஆசிரியர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மூன்றாம் நாள் பகலில் நம் மாடிக்குக் கீழே தெருவில் ஒரு குரல் உன்னைக் கூப்பிட்டது. நீ இறங்கிப் போனாய், நான் ஜன்னலில் நின்றேன். பாக்கியம்மாவை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். கூடையை இறக்கவில்லை. கையில் நம் பத்திரிகை இருந்தது.

“படம் எனக்குப் புரிஞ்சிது நைனா. பாத்தவொடனே அழுதுட்டேன்” என்றாள். “கீழ எறும்பு கணக்கா ஊர்ந்துகினு போவுதே, அத்த மார்க்கெட்ல ஒருத்தன் படிச்சான். மார்க்கெட்டே சிரிக்குது. ‘நாயி வருது, நாயி வருது’ன்னு கூப்புடறானுங்க. என் புருசன் போன நாளு நைனா அது. அத்த எடுத்தா சிரிக்கறதுக்குக் குடுத்தே?”

அவள் பத்திரிகையை உன் கையில் வைத்துவிட்டுப் போனாள். அதன் பிறகு உங்கள் தெருவுக்குள் அவள் வரவில்லை. சுற்றிக்கொண்டு அடுத்த தெரு வழியாகப் போனாள்.

நீ மாடி ஏறி வந்த வேகத்தை நான் மறக்கமாட்டேன். “இன்னாய்யா பண்ணி வெச்சுகீறே?” என்று மேஜையில் பத்திரிகையை அறைந்தாய். அதுவரை நான் உனக்கு ‘நீர்’ போட்டுப் பேசிக்கொண்டிருந்தேன். அந்த நிமிஷத்தில் அது போய்விட்டது. “படத்தில் என்ன இருக்கோ அதைத்தானே எழுதினேன், நீ ஒழுங்கா வரைஞ்சிருக்கணும்!” என்று நானும் கத்தினேன்.

“எங்கேந்து படிச்சே?”

நான் இடக்கோடியில் விரலை வைத்தேன். நீ வலக்கோடியில் வைத்தாய். இருவர் விரலும் பக்கத்தின் இரண்டு ஓரத்திலும் அப்படியே நின்றன.

உன் விரல் நகர்ந்தது. வலக்கோடியில், கணவன் இல்லாமல் கரைக்கு வந்த படகு. அடுத்து, கூடையைத் தூக்குகிறாள். அடுத்து, தெருவில் நடக்கிறாள். கீழ்வரிசையில் மறுபடி வலக்கோடி. வாயைத் திறக்கிறாள், குரல் இல்லை. யாரும் வாங்காத மீனுக்கு நாய் பின்னால் வருகிறது. கடைசியில், நிறைந்த கூடையோடு மணலில்.

“எங்க வூட்ல எல்லாப் புக்கும் இப்டித்தான் ஐயரே போவும்” என்றாய், கோபமெல்லாம் இறங்கின குரலில். வீட்டில் உருது, ஓதினது அரபு, இரண்டும் வலமிருந்து இடமாகப் போகிறவை. தமிழ் உனக்குப் பேச்சில்தான். அதுவரை நீ வரைந்ததெல்லாம் ஒற்றைப் படம். ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டம் வரைந்தது அதுதான் முதல் தடவை. எந்தப் பக்கமிருந்து போகிறோம் என்ற நினைவே இல்லாமல் உன் கை தான் பழகின பக்கமிருந்து போயிருக்கிறது. என் கண் தான் பழகின பக்கமிருந்து வந்திருக்கிறது. எந்த எழுத்தும் தெரியாத பாக்கியம்மாவுக்கு மட்டும் அது நேராகப் புரிந்திருக்கிறது.

“ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே ஐயரே” என்றாய். ஆமாம், கேட்டிருக்கலாம். இன்றைக்கும் எதையாவது எழுதி முடித்ததும் அந்த வாக்கியம் காதில் விழுகிறது.

இருவரும் ஆசிரியரிடம் போனோம். அடுத்த இதழில் திருத்தம் போட வேண்டும் என்றோம். “சிரித்தவனைக் கூப்பிட்டு வைத்து, இப்போது அழு என்று சொல்லச் சொல்கிறீர்களா?” என்றார் அவர். “வாராவாரம் நாய் துரத்தட்டும். ஜனங்களுக்குப் பிடித்திருக்கிறது.” அவர் கெட்டவர் இல்லை. பத்திரிகை ஓட வேண்டும் என்ற கவலை அவருக்கு. ஆனாலும் அன்று எனக்கு அவர்மேல் வந்த கோபத்தில் பாதி என்மேல் வந்த கோபம்தான்.

நீ மாடிப்படியில் நின்று சொன்னாய். “இன்னும் பதினோரு வாரம் கீது. மன்னாப்பு கேக்க மாட்டேன். வரைஞ்சு காட்டறேன். சிரிச்சவன் எவனோ, அவனே அவளுக்கு வழி வுடுவான் பாரு.”

அந்தப் பதினோரு வாரத்தை நான் உனக்குத் துணையாக நின்று கழித்தேன் என்று எழுத ஆசைதான். உண்மை அப்படி இல்லை. கதை என்னவென்று கேட்டுக்கொண்டு, இடமிருந்து வலமாகச் சரிபார்த்துக்கொண்டுதான் எழுதினேன். ஆனால் நிறைய எழுதினேன். செய்த தப்புக்கு ஈடாக நல்ல தமிழை அள்ளி அள்ளிக் கொட்டினேன். நீ கடல் வரைந்தால் நான் கீழே ‘நீலத்திரை விரித்தாற்போல் பரந்து கிடக்கும் ஆழி’ என்று இரண்டு வரி. நீ ஒரு பெருமூச்சு விடுவாய்.

“இன்னா ஐயரே, மேல கடலு கீது. கீழயும் கடலுன்னு எழுதிகீறே. பாக்கறவன் குருடனா? படத்துல கீறத நீ எழுதாத. படத்துல இல்லாதது எதுனா இருந்தா எழுது.”

“கறுப்பு மையில் கடலுக்கு நீலம் ஏது? அது படத்துல இல்லையே!”

“பேச்சுல உன்னை ஜெயிக்க முடியாது” என்று சொல்லிவிட்டு, அடுத்த வாரம் படத்தைக் கட்டத்தின் அடிவரை இழுத்து, எனக்கு ஒரு வரி மட்டுமே மிஞ்சும்படி செய்துவிட்டாய். அதற்கடுத்த வாரம் அரை வரி. நான் ஆசிரியரிடம் புகார் சொன்னேன். சின்னப் பிள்ளைகள் மாதிரிச் சண்டை போட்டோம். அந்தச் சண்டையில் எனக்கு இருந்த சந்தோஷம், அதன் பிறகு எத்தனையோ பேர் என்னைப் பாராட்டியும் கிடைக்கவில்லை.

எனக்குக் கண் திறந்தது ஏழாவது வாரம். அதற்குக் காரணம் என் கர்வம்தான், வேறென்ன? ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில், நான் எழுதின வரிகளை மட்டும் கத்தரித்து ஒரு நோட்டில் ஒட்டி வைத்துக்கொள்ள உட்கார்ந்தேன். பின்னால் புத்தகம் போடலாம் என்று நினைப்பு. கத்தரித்து முடித்ததும் கூடத்துத் தரை முழுவதும் என் வரிகள் இல்லாத உன் படங்கள் கிடந்தன. பொறுக்கிக் குப்பையில் போடக் குனிந்தவன் அப்படியே மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

முதல் வாரம் அவள் கூடையை இரண்டு கையாலும் பிடித்திருக்கிறாள். கழுத்து தோளுக்குள் போயிருக்கிறது. கட்டத்தின் மூலையில் கட்டைவிரல் உயரம் இருக்கிறாள், மேலே முழுக்க வீடுகளின் சுவர். மூன்றாம் வாரமும் இரண்டு கைதான். நான்காம் வாரம் ஒரு வீட்டு வாசலில் ஒருத்தி அவளை ஏமாற்றப் பார்க்கிறபோது, ஒரு கை கூடையை விட்டு இறங்கி இடுப்பில் ஊன்றுகிறது. அதன் பிறகு அந்தக் கை மேலே போகவே இல்லை. சுவர்கள் வாராவாரம் குட்டையாகிக்கொண்டே வருகின்றன. அந்த நாயையும் நீ விட்டுவிடவில்லை. இரண்டாம் வாரம் பத்தடி பின்னால் வருகிறது, ஐந்தாம் வாரம் பக்கத்தில், ஏழாம் வாரம் முன்னால் ஓடி அவளுக்கு வழிகாட்டுகிறது. ஊரைச் சிரிக்க வைத்த நாயை அவளுக்கே காவலாகக் கொடுத்திருந்தாய். இதைப் பற்றி ஒரு வார்த்தைகூட நான் எழுதியிருக்கவில்லை. நான் ஆழியைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தேன்.

அவள் மாறிவிட்டாள் என்று யாரும் எங்கேயும் சொல்லவில்லை. என் கண் முன்னாலேயே மாறியிருக்கிறாள், நான் எதிரே உட்கார்ந்துகொண்டு பார்க்காமல் இருந்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. அதைவிடச் சந்தோஷமாக இருந்தது. கத்தரிக்கோலைப் போட்டுவிட்டு, செருப்புகூட இல்லாமல் ராயப்பேட்டைக்கு நடந்தேன்.

உன் வீட்டு வாசலில் நின்று மூச்சு வாங்க, “ஓய், அவ அந்த இன்னொரு கையையும் எடுக்கப் போறா இல்லையா?” என்றேன்.

நீ சிரித்தாய். “அதுக்கு அவ மொதல்ல வந்து சேரணும் ஐயரே. ஏழு வாரமா எதிர்ல குந்திகினு இப்பதான் பாத்தியா?” பிறகு கொஞ்சம் தயங்கி, “கடைசி வாரம் ஆறு கட்டத்தையும் ஒரே பிளாக்காப் போடப்போறேன். நடுவுல உன் எழுத்துக்கு எடமே இருக்காது. கோவிச்சுக்குவியா?” என்று கேட்டாய்.

“கோவிச்சுக்கத்தான் போறேன். நீ வரை” என்றேன்.

பன்னிரண்டாவது வாரப் பக்கமும் வெள்ளிக்கிழமைதான் வந்தது. பக்கம் அச்சேறும் நாள். நீ தொழுகைக்குப் போயிருந்தாய். கீழே அச்சுக்கூடத்தில், பிளாக்கிலிருந்து சோதனைக்கு அடித்துப் பார்த்த புரூப்பைக் கையில் வைத்துக்கொண்டு ஆசிரியர் குதித்துக்கொண்டிருந்தார்.

“எழுத்து எங்கே? ஒரு எழுத்துக்கூட இல்லாத பக்கத்துக்கா காகிதம் கொடுத்தேன்? யாருக்குப் புரியும் இது? எழுதும், இப்போதே எழுதும்!”

“எழுதிட்டேன்” என்று சொல்லி ஒரு வெள்ளைத்தாளை நீட்டினேன். என் ஆயுளில் நான் எழுதின மிகச் சிறந்த பக்கம் அதுதான்.

அவர் தாளைத் திருப்பிப் பார்த்தார். முகம் சிவந்தது. பிளாக்கைப் பலகையில் அடிக்கும் தச்சரைக் கூப்பிட்டு, “குறுக்கே அறுத்து இரண்டு வரிசையாகப் பிரி. நடுவில் எழுத்தைக் கோக்கலாம்” என்றார். தச்சர் ரம்பத்தை வைத்து இழுத்தும்விட்டார். துத்தநாகம் கிறீச்சிட்டது. நான் ஓடிப்போய் ரம்பத்துக்கு முன்னால் கையை வைத்தேன். இந்தக் கை, சாம்பார் வாளியைக்கூடத் தூக்காத கை.

“எடும் கையை!”

“எழுத்தே தெரியாத ஒருத்தர்கிட்ட இதைக் கொடுப்போம். கதை புரியலைன்னா நானே ஆறு கட்டத்துக்கும் எழுதித் தந்துட்டு, நாளையிலிருந்து வேலைக்கு வரலை” என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று தெரிந்தது. ஆசிரியர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். புரூப்பை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினார்.

அடுத்த தெரு முனையில் அவள் வந்துகொண்டிருந்தாள். பாக்கியம்மாதான். யாரைக் கூப்பிடுவது என்று நான் யோசிக்கவே இல்லை. ஓடிப்போய் வழிமறித்தேன். “அம்மா, அந்த எறும்பு எழுதினவன் நான்தான். ஒரு எறும்புகூட இல்லாம இன்னிக்கு ஒண்ணு கொண்டுவந்திருக்கேன். பார்த்துட்டு என்னை என்ன வேணும்னாலும் திட்டு.”

அவள் என்னை முறைத்தாள். பிறகு கூடையை இறக்கினாள். கையைப் புடவையில் துடைத்துவிட்டுப் புரூப்பை வாங்கினாள். இரண்டு பேர் நின்றார்கள், நான்கு பேரானார்கள். சைக்கிளில் போனவன் இறங்கினான்.

“இது... நான் மொத நாள் நின்னேனே அந்தத் தெருதான்” என்றாள் மெதுவாக. விரல் முதல் கட்டத்தில் இருந்தது. “அதே வூடு. அதே கதவு. ஆனா இவ அப்ப மாதிரி இல்ல.” விரல் நகர்ந்தது. “நாயி முன்னால போய் குலைக்குது, வழி வுடுங்கடான்னு.” அடுத்த கட்டம். “தோ, இவன் அன்னிக்கு மார்க்கெட்ல சிரிச்சவன். மூஞ்சியத் தொங்கப் போட்டுகினு ஒதுங்கறான் பாரு.” கூட்டத்தில் ஒருவன் தலையைக் குனிந்தான். கீழ்வரிசைக்கு வந்தாள். இரண்டு கட்டங்களை மாறி மாறிப் பார்த்தாள்.

“கையி...” என்றாள். “கைய எடுத்துட்டா. கூடை தானா நிக்குது தலமேல.”

எனக்குத் தெரிந்தது அதுவரைதான். அவள் நிறுத்தவில்லை.

“காத்தும் திரும்பிடிச்சி பாரு. மார்க்கெட்ல வாராவாரம் பாத்துகினுதான் கீறேன், முந்தானை மூஞ்சில அடிச்சிது, எதிர்க்காத்து. எங்க போனாலும் அவளுக்கு எதிர்க்காத்து. இப்ப முதுகுல தள்ளுது.” விரலை இடமிருந்து வலமாக ஓட்டிக் காட்டினாள். “காத்தோட போறா.”

பன்னிரண்டு வாரம் உன் எதிரில் உட்கார்ந்தும் அந்தக் காற்றை நான் பார்க்கவில்லை! முதல் பக்கத்தில் ஏற்பட்ட தப்பையே எடுத்து நீ காற்றாக்கியிருந்தாய். இரண்டாம் வாரத்திலிருந்து அவளை வலமிருந்து இடமாகவே நடக்க வைத்திருந்தாய், படிக்கிற எங்கள் கண்ணுக்கு எதிராக. படிப்பவனுக்கே காரணம் தெரியாமல் ஒரு தடங்கல், ஒரு மூச்சுமுட்டல். கடைசிப் பக்கத்தில்தான் அவளைத் திருப்பினாய். எங்கள் கண் போகும் பக்கம் அவளும் போனாள்.

ஆசிரியர் கழுத்தை நீட்டிக் கேட்டார். குரலில் அதட்டல் இல்லை. “சரி அம்மா, கடைசிக் கட்டத்தில் வாயைத் திறந்துகொண்டு நிற்கிறாளே. கட்டம் முழுக்க அவள் முகம்தான். என்ன சொல்கிறாள்? எழுத்தில்லாமல் எப்படித் தெரியும்?”

பாக்கியம்மா அவரைப் பரிதாபமாகப் பார்த்தாள். “இன்னா சொல்லுவா? காது கேக்கல உனக்கு?”

புரூப்பை என் கையில் கொடுத்தாள். கூடையைத் தூக்கித் தலையில் வைத்தாள். இரண்டு கையையும் எடுத்தாள். மூச்சை இழுத்தாள்.

“மீனே... ய்!”

அந்தத் தெருவே அதிர்ந்தது. ஒரு ஜன்னல் திறந்தது. எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. கையில் தட்டோடு ஒருத்தி, சட்டியோடு ஒருத்தி, முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு வாசலில் ஒருத்தி. கூட்டம் இரண்டாகப் பிரிந்து அவளுக்கு வழிவிட்டது. தலைகுனிந்தவன்தான் முதலில் ஒதுங்கினான். அவள் நேராக உங்கள் தெருவுக்குள் திரும்பினாள். பத்துப் பதினோரு வாரத்துக்குப் பிறகு.

தெரு முனையில் நீ நின்றிருந்தாய். பள்ளிவாசலிலிருந்து வந்தபடியே, தலையில் தொப்பியோடு. எப்போது வந்தாயோ, எவ்வளவு கேட்டாயோ. கன்னத்தில் வழிந்ததை நீ துடைத்துக்கொள்ளவே இல்லை. அவள் உன் பக்கத்தில் வந்து நின்றாள்.

“மனுசியாத் தெரியறேன் நைனா” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

பிறகு திரும்பி வந்து, நான் தடுப்பதற்குள், பெரிய மீன் இரண்டை என் கையில் வைத்தாள். “எறும்பை நிறுத்தினதுக்கு. புடி சாமி!” வாலைப் பிடிப்பதா தலையைப் பிடிப்பதா என்று தெரியாமல் நான் நடுத்தெருவில் நின்ற கோலத்தைப் பார்த்து நீ சிரித்தாயே, அப்படி ஒரு சிரிப்பை நான் கேட்டதில்லை. கன்னியம்மாவைப் பார்த்து அன்று யாரும் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்துத்தான் ஊர் சிரித்தது. நியாயமும் அதுதான். நானும் சேர்ந்து சிரித்தேன்.

பக்கம் அப்படியே, ஒற்றை எழுத்தில்லாமல் வந்தது. மார்க்கெட்டில் நான்கு கடைகளில் அதை ஒட்டி வைத்தார்கள். ‘நாயி வருது’ என்று கூப்பிட்டவர்கள் ‘கன்னியம்மா வருது, வழி வுடு’ என்றார்கள். எழுத்தில்லாமல் விடலாம் என்பது தனக்குத் தோன்றிய யோசனை என்று ஆசிரியர் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். நாம் மறுக்கவில்லை. ஜெயித்தவர்களுக்கு அவ்வளவு தாராளம்கூட இல்லாவிட்டால் எப்படி? படக்கதையை அவர் நிறுத்தவில்லை. நீ படுத்த படுக்கையாகும் வரை கன்னியம்மா நடந்துகொண்டே இருந்தாள். அந்த ஒற்றை பிளாக்கை மட்டும் நான் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்தேன், ரம்பம் பட்ட ஓரத்தோடு.

இப்போதும் எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன். எழுதி முடித்ததும், இது ஏற்கெனவே படத்தில் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு, இருந்தால் அடித்துவிடுகிறேன். என் எழுத்து மெலிந்துபோய்விட்டது என்கிறார்கள் சிலர். நன்றாக இருக்கிறது என்கிறார்கள் சிலர். இரண்டுக்கும் நீதான் பொறுப்பு.

துடைத்த தகட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தேன். பிளாக்கில் எல்லாமே இடவலம் மாறித்தானே இருக்கும். எங்களுக்காக நீ இடமிருந்து வலமாக வரைந்த அந்தப் பக்கம், இந்தத் தகட்டில் வலமிருந்து இடமாகப் போகிறது. உன் பக்கமிருந்து, உன் கை பழகின வழியில். இத்தனை வருஷம் வீட்டில் வைத்திருந்தும் இன்றுதான் எனக்கு அது தோன்றியது. வலக்கோடியில் விரலை வைத்தேன். இந்தத் தடவை உனக்காகக் காத்திருந்து, நீ காட்டுகிற வழியிலேயே நகர்த்தினேன். தெரு, நாய், ஒதுங்கினவன், இறங்கின கைகள், முதுகைத் தள்ளுகிற காற்று. கடைசியில் அந்த முகம், திறந்த வாய்.

என்னையறியாமல் என் வாயும் திறந்துவிட்டது.

“மீனே... ய்!”

என் மனைவி கரண்டியோடு ஓடிவந்தாள். “என்ன இது, ஆத்துக்குள்ள! அக்கம்பக்கத்துல என்ன நினைச்சுப்பா?”

எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. பக்கத்து வீட்டு ஜன்னலும் திறந்தது. பாதி முகத்தில் காய்ந்துபோன சோப்பு நுரையோடு, பிளாக்கைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இன்னொரு தரம் கூவினேன்.